துத்தநாகக் காசு

மத்தியான வெயில் கண்ணாடி மேஜையின் மேல் சாய்ந்து கிடக்கிறது. பழங்காசு வியாபாரி களைத்த கண்ணில் லென்ஸை வைத்து, முதியவர் கொண்டுவந்த காசைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார். "வெறும் துத்தநாகம்மா. சண்டைக் காலத்துல செம்பெல்லாம் தோட்டாவுக்குப் போயிடுச்சு. இது ஒரு டீக்குக்கூடத் தேறாது," என்கிறார் முதியவரோடு வந்திருக்கும் மகளிடம். "இதுக்கா இந்த வெயில்ல இழுத்துட்டு வந்தீங்கப்பா?" என்று அவள் சலித்துக்கொள்கிறாள். முதியவர் காசிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "விக்க வரலை தம்பி. எந்த நாட்டுக் காசுன்னு சொன்னா போதும். எதிரிப் படையில பல நாட்டு ஆளுங்க இருந்தாங்க. நான் சுட்ட பையனோட சட்டைப்பையில இது இருந்துச்சு." வியாபாரி லென்ஸைக் கழற்றிவிட்டு, அந்த நாட்டின் பெயரை மெதுவாகச் சொல்கிறார். "அவ்வளவு தூரத்துலேருந்தா வந்தான்?" என்கிறார் முதியவர்.