கூட்டமில்லாத ஐரோப்பா

"பாரிசுக்குப் போகாம யாராவது ஐரோப்பா போவாங்களா?" சங்கரியின் போனைக் கண்ணருகே பிடித்தபடி கேட்டாள் பொன்னியம்மாள்.

மாப்பிள்ளையின் அம்மா. சொல்லாமல் கொள்ளாமல் காலையிலேயே வந்துவிட்டாள். தை மாதம் கல்யாணம். மண்டபம்கூடப் பிடித்தாயிற்று.

"அங்கெல்லாம் ஒரே கூட்டம் அத்தை. வெனிசுல உள்ள போறதுக்கே காசு கேக்கறாங்க. டூரிஸ்ட் வராதீங்கன்னு ஊர்க்காரங்களே போராட்டம் பண்றாங்க. அதான் அண்ணன் அப்பாவ ஸ்லோவேனியா பக்கம் சின்ன ஊரா பாத்து அனுப்பினான்."

"ஒரு ஈ காக்கா இல்ல. நம்ம தென்னேரி ஏரிக்கரை மாதிரி இருக்குது. இதுக்கா ஒரு மாசம்?" பொன்னியம்மாள் சிரித்தாள். "உங்கப்பாவா கூட்டத்துக்குப் பயந்தவரு? கருட சேவையில என் காலை மிதிச்சுக்கினு முன்னாடி ஓடுன மனுசன்!"

போட்டோவை விரலால் பெரிதாக்கினாள். சங்கரியின் அப்பா வீரபாகுவின் முகம் கலங்கலாக விரிந்தது.

"வயசாச்சு இல்ல அத்தை."

"வீடியோ கால் போடு. சம்பந்திய பாத்து ரெண்டு வார்த்தை பேசறேன்."

"அங்க இன்னும் விடியல அத்தை."

பொன்னியம்மாள் போனைக் கீழே வைத்தாள். "தப்பா நெனைக்காத கண்ணு. முன்ன பேசின எடத்துல பொண்ணோட அப்பனுக்கு நெஞ்சு வியாதி. மறைச்சுட்டாங்க. தாம்பூலத் தட்டையே திருப்பி அனுப்பிட்டேன். எனக்கு ஒளிவு மறைவு ஆகாது."

சங்கரி போனை எடுத்துக்கொண்டு தலையை ஆட்டினாள்.

தறி அறைக்குள் ஏதோ தொம் தொம்மென்று இடித்தது.

"என்னா சத்தம்?"

"எலி அத்தை. பாவு நூலைக் கடிக்குது."

"ஐயோ, கூரைப் புடவை தறியிலதானே இருக்குது?" பொன்னியம்மாள் எழுந்து கதவருகே போய்விட்டாள்.

சங்கரி குறுக்கே நின்றாள். "பாதியில இருக்கற கூரைப் புடவைய மாப்பிள்ளை வீட்டுக்காரங்க பாக்கக் கூடாதாம். அப்பா கண்டிப்பா சொல்லியிருக்காரு."

பொன்னியம்மாள் கதவிலிருந்து கையை எடுத்தாள். உள்ளே சத்தம் அடங்கியிருந்தது.

"அதுவும் சரிதான். சாஸ்திரத்தை மீற வேணாம்." சங்கரியின் கன்னத்தைக் கிள்ளி முத்தமிட்டாள். "எங்க வீட்டுக்கு ஏத்த பொண்ணு நீ."

ஆட்டோ தெருமுனை திரும்பும்வரை சங்கரி வாசலிலேயே நின்றாள். பிறகு தாழ்ப்பாள் போட்டுவிட்டு ஓடி, தறி அறையைத் திறந்தாள்.

"அண்ணன் ஒட்டி அனுப்புன போட்டோவ நம்பிட்டாங்கம்மா! கல்யாணம் நிக்காது!"

தறிக்குப் பின்னால் தரையில், அப்பாவின் தலையை மடியில் இறுக்கியபடி அம்மா அம்சவேணி உட்கார்ந்திருந்தாள். மடித்த துண்டால் அவர் வாயையும் மூக்கையும் இரண்டு கைகளாலும் பொத்தியிருந்தாள்.

"அந்தம்மா வந்த நேரம் பாத்து இருமல் பிச்சுக்கினு வந்துச்சு சங்கரி. காலை வேற உதைச்சாரு. விடாம அமுக்கிக்கினேன். நல்ல வேளை, அப்புறம் இருமவே இல்ல" என்றாள் அம்மா, கையை எடுக்காமலே.

அப்பாவின் கண்கள் திறந்திருந்தன. இமைக்கவில்லை.