காத்தைப் பிடுங்கினது யாரு?

"எல்லாரும் கீழ வாங்க. கையும் களவுமா புடிச்சுட்டேன்!"

காலைல ஆறு மணி. மாடி வீட்டு மாமனார் போட்ட சத்தத்துல எங்க குடியிருப்பே எழுந்து படிக்கட்டுல நின்னுச்சு. நானும் பல் தேய்ச்ச வாயோட ஓடினேன். வம்பு நடக்கற இடத்துக்கு நான் லேட்டாப் போனதா சரித்திரமே இல்லை.

கீழ வண்டி நிறுத்தற இடத்துல, மாமனாரோட மருமக பைக் பக்கத்துல முசுடு குத்தவெச்சு உக்காந்திருந்தார். கை பின் டயர் வால்வுல. முசுடுங்கறது கீழ் வீட்டுக்காரருக்கு நாங்க வெச்ச பேரு. சிரிச்சா பல்லு கொட்டிடும்னு நினைக்கற ஆளு. போன வாரம்தான், இந்த பைக் வழியை மறிக்குதுன்னு கத்தியிருந்தார்.

மருமக ஆஸ்பத்திரியில நர்ஸ். அஞ்சு நாளா விடாத மழை. அந்த மழையிலயும் காலை ஷிப்டுக்கு மேட்டு ரோட்டுல பைக்லதான் போறா. என் வண்டியில யாரும் கை வைக்கக் கூடாதுன்னு வீட்டுல உள்ளவங்களுக்கும் சேத்தே கண்டிஷன் போட்டிருந்தா.

மாமனார் பால்கனியிலேருந்து பாத்தாராம். உஸ்ஸுன்னு சத்தமும் கேட்டுச்சாம். அவரோட படிக்கற கண்ணாடி அஞ்சு நாளா காணோம். பேப்பரைக் கை நீட்டிப் பிடிச்சு தலைப்பு மட்டும்தான் படிக்கறார். ஆனா தூரத்துல நடக்கறது எல்லாம் அவருக்குக் கழுகு மாதிரி தெரியும்.

"மனசாட்சி இருக்காய்யா உனக்கு? இருக்கற கொஞ்சநஞ்சக் காத்தையும் பிடுங்கிட்டா, எங்க வீட்டுப் பொண்ணு மழையில எப்படிப் போவா?"

சொல்லும்போதே அவருக்குக் கண்ணு கலங்கிடுச்சு. மருமக மேல அவருக்கு உயிரு.

எனக்கும் பத்திக்கிட்டு வந்துச்சு. இந்த மாதிரி ஆளுங்களோட ஒரே கூரைக்குக் கீழ இருக்கறதே பாவம்னு என் பங்குக்கு ரெண்டு வார்த்தை சேத்துவிட்டேன். படிக்கட்டு மொத்தமும் தலையாட்டுச்சு.

முசுடு மெதுவா எழுந்து நகர்ந்தார். அவருக்குப் பின்னால காத்தடிக்கற கால் பம்பு இருந்துச்சு.

"நான் பிடுங்கல, அடிச்சேன். பம்புக் குழாயைக் கழட்டினா உஸ்ஸுன்னுதான் வரும். அஞ்சு நாளா தினம் காலைல காத்து கொறைஞ்சு கிடக்குது. மழையில காத்து கம்மியா இருந்தா டயர் தண்ணியைத் தள்ள முடியாம மிதக்கும். பிரேக் புடிச்சா இழுத்துட்டுப் போயிடும்."

நர்ஸ் டயரை அமுக்கிப் பாத்தா. கிண்ணுனு இருந்துச்சு.

"அப்ப பிடுங்கறது யாருண்ணே?"

நாங்க எல்லாரும் முசுடு வாயையே பாத்தோம். அவர் பம்பை மடிச்சுக்கிட்டே, வால்வு லேசா கசியுது போல, சாயங்காலம் மாத்திடும்மான்னார். அவ அவரைக் கையெடுத்துக் கும்பிட்டுட்டுக் கிளம்பினா. சண்டை இல்லைன்னதும் கூட்டம் சப்புன்னு கலைஞ்சுது. நான் மட்டும் செருப்பு தேடற மாதிரி படிக்கட்டுக்குக் கீழ நின்னுக்கிட்டேன்.

மாமனார் நின்ன இடத்தை விட்டு நகரல. குரல் கிணத்துக்குள்ளேருந்து வர்ற மாதிரி வந்துச்சு.

"மழைக்காலத்துல காத்தைக் கொஞ்சம் கொறைச்சாத்தான் டயர் ரோட்டை நல்லாப் புடிக்கும்னு சொன்னாங்களே?"

"தப்பாச் சொல்லியிருக்காங்க."

முசுடு சிரிச்சார். நாலு வருஷத்துல அன்னிக்குத்தான் நான் அவர் பல்லைப் பாத்தேன். பையிலேருந்து எதையோ எடுத்து மாமனார் கையில வெச்சார்.

"இனிமே குனியறப்ப சட்டைப் பையைப் புடிச்சுக்குங்க பெரியவரே. மொத நாள் மழையிலயே உங்க கண்ணாடி இந்த டயர்கிட்ட விழுந்துடுச்சு."