புருஷன் போகாத தேனிலவு

"கல்யாணமான பன்னிரண்டாம் நாள் தேனிலவுக்கு வெளிநாடு போயிருக்கீங்க. ரொம்ப சந்தோஷம்," என்றார் குடியேற்ற அதிகாரி. "புருஷனை ஏம்மா இங்கேயே விட்டுட்டுப் போனீங்க?"

மேசைக்கு இந்தப் பக்கம் இரண்டு நாற்காலிகள். ஒன்றில் அவள், இந்த நாட்டிலேயே பிறந்தவள், பல் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள். இன்னொன்றில் அவள் கணவன், வெளிநாட்டுக்காரன். அவன் இங்கேயே நிரந்தரமாக இருக்கலாமா, பெட்டியைக் கட்டலாமா என்பது அதிகாரியின் கையிலிருந்த ரப்பர் ஸ்டாம்பில் தொங்கிக்கொண்டிருந்தது.

"வசிப்புரிமைக்கு விண்ணப்பம் போடறதுக்கு முன்னாடி இவர் வெளியே போனா, திரும்ப உள்ளே விட மாட்டோம்னு உங்க ஆபீஸ்லதான் சார் சொன்னாங்க. அதுக்குள்ள ஓட்டலுக்குக் கட்டியாச்சு. திருப்பித் தர மாட்டேன்னுட்டாங்க. உங்க சட்டத்துக்காக நான் எதுக்கு என் தேனிலவை விடணும்?"

அதிகாரி கோப்பிலிருந்து ஓட்டல் ரசீதை உருவினார். 'திருமணத்துக்குப் பின் செய்த பயணங்களின் ரசீதுகளை இணைக்கவும்' என்று படிவத்தில் இருந்தது. அவளும் இணைத்திருந்தாள். நேர்மைக்கு அரசாங்கம் தரும் முதல் பரிசு, கூடுதல் கேள்வி.

"நீங்க தனியாப் போகலையே. ஒரே அறையில ரெண்டு பேர். எட்டு நாள்."

"ஆமா."

"யாரு?"

"சொல்ல முடியாது. யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு வாக்குக் கொடுத்திருக்கேன்."

அதிகாரி கணவன் பக்கம் திரும்பினார். "உங்களுக்குத் தெரியுமா சார்?"

"ரெண்டு பேருங்கறதே இப்பத்தான் தெரியும்," என்றான் அவன். "ஆனா அவ சொல்ல மாட்டேங்கறான்னா ஏதோ காரணம் இருக்கும். நான் கேக்கலை. நீங்களும் கேக்காதீங்க."

"கேக்கறதுக்குத்தான் எனக்குச் சம்பளமே."

"இவருக்கு வீட்ல ரேடியோன்னு பேரு சார்," என்றாள் அவள். "ஞாயித்துக்கிழமை அக்காவுக்குப் போன் போட்டார்னா, நான் வாரம் பூரா எத்தனை தடவை தும்மினேங்கறது வரைக்கும் ஒலிபரப்பு ஆகும். அதான் இவர்கிட்டயும் சொல்லலை."

ரேடியோ மறுக்கவில்லை.

அதிகாரி ரசீதை மூக்கருகே கொண்டுபோனார். "மாடியில, ஜன்னலைத் திறந்தா கடல் தெரியற தேனிலவு அறை. அதை வேண்டாம்னுட்டு, கீழ்த்தளத்துல, வாசலுக்குப் பக்கத்துல கேட்டு மாத்தியிருக்கீங்க. எதுக்கு? அவசரம்னா ஓடறதுக்கா?"

"கூட வந்தவங்களுக்குப் படி ஆகாது."

"கல்யாண போட்டோவுல மாப்பிள்ளை வீட்டு ஆள் ஒருத்தர்கூட இல்லை."

"மாமனாருக்கு என்னைப் பிடிக்கலை. வீட்லேர்ந்து ஒருத்தரும் போகக் கூடாதுன்னு உத்தரவு. அவருக்கும் இதே மாதிரி ஒரு மேசை போட்டுக் கொடுத்தீங்கன்னா நல்லா வேலை செய்வார்."

அதிகாரி ரசிக்கவில்லை. "இது போலிக் கல்யாணம்னு நான் ஒரு வரி எழுதினா, இவர் முப்பது நாள்ல நாட்டை விட்டுக் கிளம்பணும். புரியுதா?"

அவள் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"எழுதுங்க சார். இவர் பெட்டி கட்டினா நானும் கூடவே கட்டறேன். இவரைக் கட்டிக்கறதுக்கு மாமனார் சம்மதத்துக்கே நான் காத்திருக்கலை. கூட வாழறதுக்கு உங்க ஸ்டாம்புக்குப் பயந்து, கொடுத்த வாக்கை மீறுவேனா?"

அதிகாரி ரசீதின் அடியில் விரலை வைத்தார். 'விருந்தினர் இரண்டு' என்ற இடத்தில் பெயர் இல்லை. ஒரு போன் நம்பர் இருந்தது.

கணவன் எட்டிப் பார்த்தான். "எங்க நாட்டு நம்பர்தான். ஆனா எனக்குத் தெரியாத நம்பர்."

"உங்க ஊர் ஆளேதானா," என்று அதிகாரி அவனுக்காக உச்சுக் கொட்டினார்.

"வேண்டாம் சார். அந்த நம்பர் எனக்கு மட்டும்தான் தெரியும். இந்த நேரத்துல கூப்பிடக் கூடாது." முதல் தடவையாக அவள் குரல் நடுங்கியது.

அது போதாதா? அதிகாரி மேசைப் போனில் ஸ்பீக்கரை அழுத்திவிட்டு, எண்களை ஒவ்வொன்றாக ருசித்துத் தட்டினார்.

இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டார்கள். கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு பேசுவதுபோல் ஒரு கிசுகிசுப்பு.

"பகல்ல கூப்பிடாதேன்னு சொன்னேனா இல்லையா? வீட்ல ஆள் இருக்கற நேரம்!"

நாற்காலி பின்னால் சாய, கணவன் துள்ளி எழுந்தான். வாய் திறந்தபடியே இருந்தது. ரேடியோவில் சத்தம் வரவில்லை.

"பொறுங்க சார், உக்காருங்க. இந்த மாதிரி நான் நிறைய பாத்திருக்கேன்," என்று ஆறுதல் சொல்லிக்கொண்டே அதிகாரி, 'நிராகரிக்கப்பட்டது' ஸ்டாம்பை மையில் ஒற்றி, விண்ணப்பத்துக்கு மேலே தூக்கிப் பிடித்தார்.

ஸ்பீக்கர் மறுபடி கிசுகிசுத்தது.

"போனை வை மருமகளே, உன் மாமனார் வர்றார்!"