அறுபதாம் லெவலில் ஒருத்தி

அரக்கன் கையை ஓங்கவே இல்லை.

அவள் நாற்காலியைத் திரைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டாள். அவனைச் செய்தவளே அவள்தான்.

அந்தக் கணினி விளையாட்டின் முதல் பாகத்தில் அறுபதுதான் உச்ச லெவல். அதைத் தொட்டவர்கள் தங்கள் வீரர்களை அப்படியே இரண்டாம் பாகத்துக்குக் கொண்டுவரலாம் என்று கம்பெனி வாக்குக் கொடுத்துவிட்டது. அவளுக்கு அதில் துளியும் சம்மதமில்லை. வருகிறவனையெல்லாம் கொசு அடிப்பதுபோல் அடித்துப்போட்டால் பிறகு ஆட்டம் எதற்கு? எல்லோரையும் ஒன்றாம் லெவலுக்கு இறக்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள்.

கடைசியில் ஒரு சமரசம். வாசலில் இந்த அரக்கன் நிற்பான். எதிரே வருபவர் எத்தனை பேரைக் கொன்றாரோ, அத்தனை பலம் அவனுக்கு. சோதனையில் அவன் ஒருவரைத் தடுக்கத் தவறினாலும், அவள் கேட்டபடி எல்லோருக்கும் ஒன்றாம் லெவல்தான். இன்று மாலைக்குள் முடிவு.

காலையிலிருந்து வந்த பெரிய வீரர்கள் எல்லோரும் மண்ணைக் கவ்வினார்கள்.

இப்போது நிற்பவள் ஜெசிந்தாவின் வீராங்கனை. ஜெசிந்தா, திசையன்விளையிலிருந்து தன் ஆட்டத்தைச் சோதனைக்கு அனுப்பியிருந்த ரசிகை.

லெவல் அறுபது.

கொன்றது, பூஜ்யம்.

இது நடக்கவே முடியாது என்றாள் அரக்கனைச் செய்தவள். பக்கத்து மேசை நவநீதன் ஜெசிந்தாவுக்கே போன் போட்டுக் கேட்டான்.

தாகத்தில் கிடந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுத்தாராம். அடிபட்டவர்களுக்குக் கட்டுப் போட்டாராம். அதற்கும் புள்ளிகள் உண்டுதான். அழகுக்காக அவளே வைத்தவை. யானைப் பசிக்குச் சோளப்பொரி.

அந்தச் சோளப்பொரியிலேயே ஒருத்தி யானை வளர்த்திருக்கிறாள்.

ஏன் இப்படி என்று நவநீதன் கேட்டான். ஸ்பீக்கரில் ஜெசிந்தாவின் குரல் வந்தது.

"யாரையும் அடிக்க மனசு வரல. அதான் கொஞ்சம் லேட்டாயிட்டு."

தான் கட்டிய ஆட்டத்துக்குள் இப்படியொரு வழி இருந்ததே அவளுக்குத் தெரியாது.

திரையில் அந்த வீராங்கனை அரக்கனைத் தாண்டி உள்ளே நடந்துபோனாள்.

நவநீதன் போனை வைத்துவிட்டுத் தயங்கினான்.

"மேடம், இது நம்ம தப்புதானுங்க. சரி பண்ணிரட்டுங்களா?"

வேண்டாம் என்றாள். யாருடைய லெவலிலும் கைவைக்க வேண்டாம் என்றும் சொன்னாள்.

பிறகு முதல் பாகத்தைத் திறந்தாள். அங்கே அவளுடைய சொந்த வீரன் அறுபதாம் லெவலில் நின்றிருந்தான். அவனை அழித்தாள்.

ஒன்றாம் லெவலில் புதிதாக ஒருத்தி எழுந்து நின்றாள்.

முதல் எதிரி வாளோடு ஓடிவந்தான்.

அடிக்காமல் இருப்பது எப்படி என்று அவளுக்குத் தெரியவில்லை.