கடைசி மனுஷியின் கிளாரினெட்

நான்காவது சுரத்தில் கிளாரினெட் வாத்து மாதிரிக் கத்தியது.

ஐம்பத்தெட்டு பேர் கொண்ட இசைக்குழு மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. வயலின்காரர்களின் தோள்கள் குலுங்கின. ஒருவர் கைக்குட்டையைக் கடித்துக்கொண்டார்.

ஒலிப்பதிவுக் கூடத்தின் சிவப்பு விளக்கு அணைந்தது. இது மூன்றாவது தடவை.

இசையமைப்பாளன் கையிலிருந்த குச்சியைக் கீழே வைத்தான். "அக்கா, உலகமே அழிஞ்சு போச்சு. அந்தப் பொண்ணு ஒருத்திதான் மிச்சம். இதுல சிரிக்க என்ன இருக்கு?"

"ஒண்ணுமில்லப்பா," என்றாள் கிளாரினெட் வாசிப்பவள். சொல்லி முடிப்பதற்குள் மறுபடி சிரிப்பு வந்துவிட்டது.

சிரித்த வாயால் கிளாரினெட் வாசிக்க முடியாது. உதடு கொஞ்சம் தளர்ந்தாலும் காற்று ஓரமாக நழுவிவிடும். இருபத்திரண்டு வருடமாக வாசிக்கிறவளுக்கு இது தெரியாதா? தெரிந்து என்ன செய்ய? சிரிப்பு அடிவயிற்றிலிருந்து சோடா மாதிரிப் பொங்கிக்கொண்டு வந்தது.

தொலைக்காட்சித் தொடரின் கடைசிப் பகுதி அது. திரையில் சாம்பல் மூடிய ஒரு நகரம். கவிழ்ந்து கிடக்கும் பேருந்துகளுக்கு நடுவே ஒரு பெண் தன்னந்தனியாக நடந்து போகிறாள். மற்ற வாத்தியங்கள் எல்லாம் ஓய்ந்துவிட, ஒன்றரை நிமிடம் கிளாரினெட் மட்டும்.

இத்தனை வருடத்தில் அவளுக்குக் கிடைத்த முதல் தனி வாசிப்பு. எப்போதும் முதல் கிளாரினெட்காரருக்குத் துணையாக வாசிக்கும் இரண்டாவது நாற்காலிதான் அவளுக்கு. இந்த முறை, எழுதும்போதே உங்கள் ஊதல்தான் காதில் கேட்டது என்று இசையமைப்பாளன் பிடிவாதமாக அவளைக் கேட்டு வாங்கியிருந்தான்.

கண்ணாடி அறைக்குள்ளிருந்து ஒலிபெருக்கி வழியாக இயக்குநர் பேசினார். "ரெண்டு மணிக்கு அடுத்த குழு வந்துடும். இந்த இடத்துக்குக் கம்ப்யூட்டர்லயே கிளாரினெட் போட்டுக்கலாமே."

அவளுக்குச் சுருக்கென்றது.

"இன்னும் ஒரே ஒரு தடவை சார்," என்று இசையமைப்பாளன் கெஞ்சினான்.

அவள் கண்ணை மூடிக்கொண்டு சோகமான விஷயங்களைத் தேடினாள். அப்பாவின் சாவை நினைத்தாள். அன்று பெரியப்பா அழுத அழுகையில் பல்செட் கழன்று மாலைகளுக்குள் விழ, சொந்தபந்தம் மொத்தமும் அழுகையை நிறுத்திவிட்டுத் தேடியது ஞாபகம் வந்தது. சரிப்படாது.

பேருந்தில் தொலைத்த முதல் கிளாரினெட்டை நினைத்தாள். மூன்று நாள் சோறு இறங்கவில்லை. நான்காம் நாள் அதைத் தேடிக் கொண்டுவந்து கொடுத்த கண்டக்டர், "இந்த டெலஸ்கோப் உங்களோடதாம்மா?" என்று கேட்டிருந்தார். அதுவும் சரிப்படாது.

தன் வீட்டை நினைத்தாள். ஒரு தட்டு, ஒரு டம்ளர், எந்தப் பக்கம் வேண்டுமானாலும் புரண்டு படுக்கலாம் என்கிற கட்டில். இதற்காவது அழுகை வந்திருக்க வேண்டும். இதுதான் எல்லாவற்றையும்விட மோசமாகப் போனது. சிரிப்பு காதுவரை ஏறியது.

போதாக்குறைக்குப் பின்வரிசையில் முரசு வாசிப்பவரின் கையிலிருந்து கோல் நழுவியது. ஆறடி ஆள், குழுவில் அவருக்கு 'இடி' என்று பெயர். வாயைத் திறந்து பேசி யாரும் அதிகம் கேட்டதில்லை. கோல் பெரிய முரசின் நட்டநடுவில் விழுந்து, தொம் என்றது.

அவ்வளவுதான். ஐம்பத்தெட்டு பேரும் வெடித்துவிட்டார்கள். செல்லோக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இசையமைப்பாளன் மேடையிலேயே உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டான். கூடம் அடங்க முழுசாக மூன்று நிமிடம் ஆனது.

"நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கறேன்ப்பா," என்றாள் அவள். "யார் முகத்தையும் பாக்காம இருந்தா சரியாயிடும்."

சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள். மைக்கை நகர்த்தி வைத்தார்கள். சிவப்பு விளக்கு எரிந்தது.

இந்தத் தடவை அவள் சோகத்தைத் தேடவில்லை. சிரிப்பை விரட்டவும் இல்லை. அது பாட்டுக்கு வயிற்றுக்குள் இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டு ஊதினாள்.

நான்காவது சுரம் தாண்டியது. வாத்து வரவில்லை. மெட்டு மெல்ல எழுந்து நடந்தது. வெகுதூரம் தனியாக நடந்தவள், பின்னால் ஒரு காலடிச் சத்தம் கேட்டும் திரும்பிப் பார்க்காமல், ஆனால் நடையைக் கொஞ்சம் தளர்த்திக்கொண்ட மாதிரி இருந்தது.

விளக்கு அணைந்தது. அவள் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கெடுத்துவிட்டோம் என்றே நினைத்தாள்.

ஒலிபெருக்கி கரகரத்தது.

"அந்தப் பொண்ணு தனியா இல்ல போலிருக்கே," என்றார் இயக்குநர். பிறகு பக்கத்திலிருந்த படத்தொகுப்பாளரிடம், "அந்தப் புகை வர்ற காட்சியை வெட்டினோம்ல? அதைக் கடைசியில சேத்துடுங்க."

தூரத்து மாடி ஒன்றில் யாரோ அடுப்பு மூட்டிய புகை எழும் காட்சி அது. யாரும் நம்பமாட்டார்கள் என்று தூக்கிப் போட்டிருந்தார்கள்.

வயலின்காரர்கள் கைதட்டலுக்குப் பதிலாக இசைத்தாள் தாங்கிகளை வில்லால் தட்டினார்கள். அவள் இப்போது வாய்விட்டே சிரித்தாள். இனி யாருக்கும் நஷ்டமில்லை.

வாசலில் அலுவலகப் பெண் சம்பளம் அனுப்புவதற்காக எல்லோரிடமும் பெயரும் முகவரியும் எழுதிய தாள்களை வாங்கி அடுக்கிக்கொண்டிருந்தாள். இரண்டு தாள்களை மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு அவளைக் கூப்பிட்டாள்.

"மேடம், முகவரியைத் தப்பா எழுதிட்டீங்க போல. முரசு வாசிக்கிற சார் தாள்லயும் இதேதான் இருக்கு."

"சரியாத்தான் எழுதியிருக்கேன்," என்றாள் அவள், குரலைத் தாழ்த்தி. "காலையில ஒன்பதரைக்கு ரெஜிஸ்டர் ஆபீஸ்ல கையெழுத்துப் போட்டுட்டு நேரா இங்க வர்றோம். உங்ககிட்டதான் முதல்ல சொல்றேன்."