எல்லா வீடும் ஒரே மாதிரி

“உங்க கேட்ல என்னமோ தொங்குதாமே? வாட்ச்மேன் அரைகுறைத் தமிழ்ல சொல்றான்.” போனில் எங்கள் காலனி சங்கத் தலைவர் பாண்டியராஜ்.

“ஆமா சார், ஒரு வாரத்துக்குத்தான். என்னன்னா…”

“காரணமெல்லாம் வேணாம். எல்லா வீட்டு முகப்பும் ஒரே மாதிரி இருக்கணும். உடனே அவுத்துருங்க.”

வைத்துவிட்டார். திரும்ப அடித்தேன், எடுக்கவில்லை. போன மாசம் செம்பருத்திச் செடி, அதற்கு முந்தி துணி காயப்போட்ட கயிறு, இப்போது இது. முன்னால் குடியிருந்த நாகல் நகர் வாடகை வீட்டில்கூட யாரும் இம்புட்டு அதிகாரம் பண்ணியதில்லை. எரிச்சலோடு அவிழ்த்து எறிந்தேன்.

சாயங்காலம் நானும் மனைவி தீபாவும் கொல்லைப்பக்கம் இருந்தோம். பேரன் காதுகுத்துக்கு அழைக்க அவனையும் தூக்கிக்கொண்டு வந்த தலைவரின் மனைவி சண்முகவள்ளி அக்கா, நேராக உள்ளே வந்துவிட்டார். நாங்கள் வருவதற்குள், படுத்திருந்த எங்கள் மகள் பக்கத்திலேயே பேரனை உட்கார வைத்திருந்தார்.

“புள்ளைக்கு என்ன தம்பி, காய்ச்சலா?”

“அம்மை போட்டிருக்குக்கா.”

அக்கா பதறிப்போய்ப் பேரனை வாரி எடுத்தார்.

“ஏன் தம்பி, வாசல்ல ஒரு கொத்து வேப்பிலை கட்டக் கூடாதா?”

“கட்டித்தான் இருந்துச்சுக்கா. சார்தான் காலையில அவுக்கச் சொன்னாரு.”