பதினேழாம் எண் தகரம்

ஷட்டர் இடுப்பளவுக்கு இறங்கிவிட்டது.

"மாமா, இருங்க! ஒரே நிமிஷம்!"

பஸ்ஸிலிருந்து குதித்து ஓடினேன். வலது செருப்பின் வார் அறுந்து தரையில் இழுபட்டது. தெருநாய்கள் நான்கு, என்ன ஏது என்று கேட்காமல் என்னோடு சேர்ந்து ஓடிவந்தன.

ஷட்டர் நின்றது. அடியில் முதலில் மீசை தெரிந்தது, பிறகு கண்ணாடி.

"ஓடுற வண்டியில ஏறாதேன்னு எத்தனை வருஷமா சொல்றேன்? சரி, உள்ள வா. படியில நிக்காதே. அந்தச் சனியன்களை மட்டும் வெளியவே நிறுத்து!"

கண்டக்டர் மாமா. பஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்றுப் பன்னிரண்டு வருஷம் ஆகியும் அவருக்குக் கடையும் ஒரு பஸ்தான். நாய் என்றால் மட்டும் ஆகாது. எதிரே ஒன்று வந்தால் தெருவையே தாண்டிவிடுவார்.

குனிந்து நுழைந்தேன். நேராக மூன்றாவது அலமாரி, கீழ்த்தட்டு.

இருந்தது. நாய் பிஸ்கட், ஒரே ஒரு பாக்கெட். அதற்குக் கீழே, தட்டின் விளிம்பில் ஆணியடித்த சின்னத் தகரம். பச்சைப் பெயிண்டில் அப்பாவின் கையெழுத்து: 17.

உயிர் வந்தது.

இது எங்கள் கடை. நூற்றுச் சொச்சம் குடும்பங்களும் இதற்கு முதலாளிகள், நூற்றுச் சொச்சம் குடும்பங்களும் இதற்கு வேலைக்காரர்கள். இந்தக் கடை வருவதற்கு முன்னால் இந்தப் பேட்டையில் ஒரு கிலோ அரிசி வேண்டுமென்றால் இரண்டு பஸ் மாற வேண்டும். இங்கே கடை போட எவனுக்கும் மனசு வரவில்லை. கடைசியில் ஆளுக்கொரு பங்கு போட்டு, மூடிக்கிடந்த சைக்கிள் ஷெட்டை எடுத்தார்கள்.

முதல் லாரி வந்த காலை இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. லாரியிலிருந்து அலமாரி வரை ஆட்கள் வரிசையாக நின்றோம். மூட்டைகள் கை மாறிக் கை மாறி உள்ளே போயின. எனக்குப் பன்னிரண்டு வயது. என் கைக்கு உப்புப் பாக்கெட் மட்டும் கொடுத்தார்கள். எங்கள் நாய் வாசல் நடுவில் உட்கார்ந்து, ஒரு துரும்பையும் நகர்த்தாமல், எல்லோரையும் அதட்டிக்கொண்டிருந்தது. அன்றைக்கே அதற்கு மேஸ்திரி என்று பெயர் விழுந்தது.

எந்தச் சரக்கை எந்த வீடு கேட்டதோ, அந்த வீட்டின் எண் அலமாரியில் ஏறும். எலக்ட்ரீஷியனான அப்பா தகரம் வெட்டி, எல்லா எண்களையும் தன் கையாலேயே எழுதினார். ஆனால் ஒரு வீட்டுக்காக மட்டும் சரக்கு வைப்பதில்லை. மாதம் இரண்டு வீடாவது வாங்க வேண்டும். இல்லையென்றால் மாதக் கடைசி நாள், கடை மூடும்போது சரக்கும் இறங்கும், தகரமும் இறங்கும்.

இன்று மாதக் கடைசி. எப்போதும் காலையிலேயே வந்துவிடுவேன். இன்று வழியில் பஸ் படுத்துவிட்டது.

அப்பா நாய் பிஸ்கட் கேட்ட கூட்டத்தில் அடிதடி ஒன்றுதான் பாக்கி. "மனுஷன் அரிசிக்கு அலையறான், உன் நாய்க்கு பிஸ்கட்டா?" என்று மேசையைத் தட்டியவர் இதே கண்டக்டர் மாமாதான்.

"மூட்டை இறக்கினப்ப அதுவும் கூட இருந்துச்சுல்ல?" என்றார் அப்பா.

ஒரே ஓட்டில் ஜெயித்தார். அதன் பிறகு பதினோரு வருஷம் இருவருக்கும் பேச்சில்லை. அடுத்தடுத்த ஷிப்ட். சாவியை மேசைமேல் வைத்துவிட்டுப் போவார்கள்; கையில் மட்டும் கொடுக்கமாட்டார்கள்.

அப்பா போய் ஆறு வருஷம். மற்ற தகரங்களைப் பிடுங்கிவிட்டு அச்சடித்த ஸ்டிக்கர் ஒட்டியாகிவிட்டது. எங்கள் வீட்டின் இந்தப் பதினேழு ஒன்றுதான் மிச்சம். கீழ்த்தட்டு என்பதால் யார் கண்ணிலும் படவில்லை போல.

நான் இப்போது இருக்கும் வீட்டுக்கு எதிரிலேயே மூன்று மாடிக்குப் பெரிய கடை. இருந்தும் மாதம் ஒருமுறை, இரண்டு பஸ் மாறி, இங்கே வருகிறேன்.

பாக்கெட்டை மேசையில் வைத்தேன். மாமா பிஸ்கட்டின் கணக்கு அட்டையை எடுத்தார். வாங்கும் வீட்டுக்கு ஒரு கோடு. இந்த மாதத்துக்கு ஏற்கெனவே ஒரு கோடு இருந்தது. பக்கத்தில் இன்னொன்று போட்டார்.

"ரெண்டு. தப்பிச்சுது."

ஆறு வருஷமாக இப்படித்தான். என் கோட்டுக்கு முன்னால் எப்போதும் ஒரு கோடு. பேட்டையில் எங்கோ நல்ல பசியுள்ள ஒரு நாய் இருக்கிறது. முகம் தெரியாத அந்த நாயை மனசுக்குள் எத்தனையோ முறை கும்பிட்டிருக்கிறேன்.

"அந்த முதல் கோடு யாரு மாமா?"

"டிக்கெட் வாங்கினவன் எங்க இறங்கினான்னு எல்லாம் கண்டக்டர் சொல்லக்கூடாது." அட்டையிலிருந்து தலையைத் தூக்காமல் கேட்டார்: "மேஸ்திரி எப்படி இருக்கான்?"

"இருக்கான் மாமா. வயசாச்சுல்ல, முன்ன மாதிரி ஓட்டமில்ல."

"ம்."

எதிர்ப்புறம் பஸ் ஸ்டாப்பில் போய் நின்றேன். வழக்கமாக என் காலைச் சுற்றும் நான்கு நாய்களும் இன்று வரவில்லை. கடை வாசலில் வரிசையாக உட்கார்ந்திருந்தன.

ஷட்டர் முழுசாக இறங்கியது. மாமா பூட்டை இழுத்துப் பார்த்தார். இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். விளம்பரப் பலகைக்குப் பின்னால் நின்ற என்னைப் பார்க்கவில்லை.

பைக்குள்ளிருந்து பாதி காலியான ஒரு பாக்கெட்டை எடுத்தார். என் கையில் இருந்த அதே நாய் பிஸ்கட்.

"வரிசை, வரிசை! தள்ளாதே. கிட்ட வராதே. எல்லாருக்கும் இருக்கு."

பயத்தில் உடம்பைப் பின்னால் சாய்த்துக்கொண்டு, கையை மட்டும் நீட்டி, ஒவ்வொன்றாக வீசினார்.

என் பஸ் வந்தது. நான் ஏறவில்லை.

மாதாமாதம் இதே ஸ்டாப்பில் நின்று, இதே நான்கு நாய்களுக்குத்தான் நானும் என் பாக்கெட்டைப் பிரித்துப் போடுகிறேன்.

மேஸ்திரி, அப்பா போன மூன்றாம் மாதமே அவர் பின்னாலேயே போய்விட்டது.